இரட்டைக் கோபுரங்களில் தளம் எதன்மேல் உட்கார்ந்திருந்தது?

நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கட்டுமானம் ஓரளவு தெரிந்தவர்கள்கூட இப்படிச் சொல்வதைக் கேட்கலாம்: "அவ்வளவு பெரிய தளத்தை வெறும் இரண்டு போல்ட்டில் மாட்டி வைத்தால் விழாமல் என்ன செய்யும்?" இரண்டு போல்ட் என்பது உண்மைதான். ஒவ்வொன்றும் 5/8 அங்குல விட்டம், மெட்ரிக் கணக்கில் 16 மில்லிமீட்டர். ஆனால் தளத்தின் எடை அந்த போல்ட்டுகள் மேல் இறங்கவே இல்லை. தளத்தைச் சுமக்கும் எஃகுச் சட்டத்தை, அதாவது ட்ரஸ்ஸை, நகராமல் நிறுத்தி வைப்பதுதான் அவற்றின் வேலை. எடையைத் தாங்கியது அவற்றுக்குக் கீழே வெல்டிங் செய்யப்பட்டிருந்த இரும்பு சீட், அதாவது ட்ரஸ்ஸின் முனை உட்காரும் தாங்கி. இந்த வித்தியாசம் பிடிபட்டால், 2001 செப்டம்பர் 11 அன்று அந்தக் கட்டடங்களுக்கு என்ன ஆனது என்பதில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு இடிவு தொடங்கியது இந்த இணைப்புகள் அறுந்ததால் அல்ல, முக்கியமான இடங்களில் அவை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்.

அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கோபுரமும் 110 மாடி, ஒவ்வொரு தளமும் பக்கத்துக்கு 207 அடி உள்ள சதுரம். அதன் நடுவில் 87 அடிக்கு 135 அடியில் ஒரு செவ்வகம். லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை, குழாய், கேபிள் எல்லாம் அதற்குள்தான். இதைத்தான் கோர் என்கிறார்கள். அதில் 47 தூண்கள். கோர் என்றால் உள்ளே எதுவும் இல்லாத ஒரு பெரிய குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதற்குள்ளும் சாதாரண எஃகு உத்திரங்களும் கான்கிரீட் தளமும் உண்டு. வெளிச்சுவரில் பக்கத்துக்கு 59 தூண்கள், 40 அங்குலத்துக்கு ஒன்று வீதம், ஒவ்வொரு தள மட்டத்திலும் 52 அங்குல உயரமுள்ள தகடுகள் அவற்றை ஒன்றோடு ஒன்று பிணைத்தன. காற்றை எதிர்த்து நின்றது இந்த வெளிச்சுவர்தான். கட்டடத்தின் எடையை மட்டும் வெளிச்சுவரும் கோரும் ஏறக்குறைய சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன, கோரின் பங்கு கொஞ்சம் கூடுதல்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. கட்டடக் கலைஞர் மினோரு யமசாகியும் கட்டமைப்புப் பொறியாளர்கள் ஜான் ஸ்கில்லிங், லெஸ்லி ராபர்ட்சன் ஆகியோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. 1930களில் எழுந்த எம்பயர் ஸ்டேட் போன்ற கட்டடங்களில் தளம் முழுக்கத் தூண்கள் நிற்கும், அலுவலகம் அவற்றைச் சுற்றித்தான் அமைய வேண்டும். இங்கே மாடிக்கு 31,000 சதுர அடி, தூண் தொல்லை இல்லாமல் வாடகைக்கு விடலாம். அதற்குக் கொடுத்த விலை, நீண்ட வீச்சு, அதாவது நடுவில் தாங்கல் இல்லாமல் தளம் தாண்ட வேண்டிய தூரம். சதுரத்தின் நடுவில் செவ்வகம் இருப்பதால் இரண்டு பக்கம் 60 அடி, மற்ற இரண்டு பக்கம் 35 அடி. 60 அடி என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

60 அடியைத் தாண்ட முழு எஃகு உத்திரம் போட்டால் எடையும் கூடும், ஏசி குழாய்களை அதற்குக் கீழேதான் கொண்டுபோக வேண்டும் என்பதால் மாடியின் உயரமும் கூடும். அதனால் ட்ரஸ். மேலே ஜோடி ஆங்கிள் (L வடிவ எஃகுப் பட்டை), கீழே ஜோடி ஆங்கிள், நடுவில் மேலும் கீழுமாக மடித்து வெல்டிங் செய்த, ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உருட்டுக் கம்பி. மொத்த ஆழம் 29 அங்குலம். ஜோடி ஜோடியாக, 6 அடி 8 அங்குலத்துக்கு ஒரு ஜோடி. அதாவது வெளிச்சுவரில் ஒரு தூண் விட்டு ஒரு தூணுக்கு. மடித்த கம்பியின் வளைவுகள் மேல் ஆங்கிளைத் தாண்டி மூன்று அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் தகர டெக் விரித்து நான்கு அங்குல எடை குறைந்த கான்கிரீட் ஊற்றும்போது அந்த வளைவுகள் கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும். அப்புறம் ட்ரஸ்ஸும் கான்கிரீட்டும் தனித்தனி அல்ல, ஒரே உறுப்பாக வளையும். எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தனியாக எதையும் கொண்டுவந்து பற்றவைக்காமல், இருக்கிற கம்பியின் வளைவையே பிடிமானமாக்கிவிட்டார்கள். செயின்ட் லூயிஸில் இருந்த லாக்லீட் ஸ்டீல் நிறுவனம் இந்த ட்ரஸ்களைச் செய்தது. 20 அடி அகலப் பலகைகளாக முன்கூட்டியே சேர்த்து, கிரேனில் தூக்கி, அப்படியே இடத்தில் இறக்கினார்கள்.

இனி முனைகளுக்கு வருவோம். இந்த ட்ரஸ்கள் மேல் ஆங்கிளால் தொங்குபவை. அதாவது முனையில் மேல் ஆங்கிள் மட்டும் நீண்டு வந்து சீட்டின்மேல் உட்காரும், மற்றதெல்லாம் அதற்குக் கீழே தொங்கும். வெளிச்சுவர்ப் பக்கம், தூண்களைப் பிணைக்கும் அந்த 52 அங்குலத் தகட்டில் சீட் வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. ட்ரஸ் அதில் உட்கார்ந்ததும் இரண்டு போல்ட், கூடவே மேல் ஆங்கிளையும் சுவர்த் தகட்டையும் சேர்த்து வெல்டிங் செய்த ஒரு இணைப்புத் தகடு. கீழ் ஆங்கிளைச் சுவரோடு இறுக்கமாகக் கட்டவில்லை. அங்கே ஒரு டேம்பர் வைத்தார்கள், எஃகுத் தகடுகளுக்கு நடுவே ரப்பர் போன்ற பிசுபிசுப்பான பொருள், 3எம் நிறுவனம் கொடுத்தது. காற்றில் கட்டடம் ஆடும்போது அந்தப் பொருள் நெகிழ்ந்து ஆட்டத்தைத் தின்றுவிடும். கோபுரத்துக்குச் சுமார் 10,000 டேம்பர்.

கோர்ப் பக்கம் இன்னும் எளிமை. கோர் தூண்கள் வெளிச்சுவர்த் தூண்கள் போல நெருக்கமாக இல்லை, ஒவ்வொரு ட்ரஸ் ஜோடிக்கும் நேர் எதிரே ஒரு தூண் கிடைக்காது. அதனால் கோரைச் சுற்றி, வெளி வரிசைத் தூண்களில் தாங்கல் கொடுத்து, ஒரு சேனல் உத்திரத்தை, அதாவது C வடிவ எஃகு உத்திரத்தை, ஓடவிட்டார்கள். ட்ரஸ்ஸுக்கான சீட்டுகள் அந்தச் சேனலில் வெல்டிங் செய்யப்பட்டவை. சுமை போகும் வழி இப்படி: கான்கிரீட், ட்ரஸ், சீட், சேனல், கோர் தூண். ஒரு படி கூடுதல். இந்த முனையில் டேம்பர் இல்லை, வெளிப்பக்கத்தில் இருந்த வெல்டிங் இணைப்புத் தகடும் இல்லை. சீட்டும் இரண்டு போல்ட்டும்தான்.

சரி, ஒரு சீட்டுக்கு எவ்வளவு எடை வந்திருக்கும்? நாமே கணக்குப் போடலாம். 60 அடி நீளம், 6 அடி 8 அங்குல அகலம், ஆக ஒரு ஜோடிக்கு 400 சதுர அடி. அன்றாடப் பயன்பாட்டில் தளத்தின் சொந்த எடையும் ஆட்களும் மேஜை நாற்காலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 80 பவுண்டு என்று அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் எடுத்துக்கொண்டது. 32,000 பவுண்டு. முனைக்குப் பாதி, 16,000 பவுண்டு, சுமார் ஏழே கால் டன். நன்றாக வெல்டிங் செய்த ஒரு எஃகு சீட்டுக்கு இது பெரிய எடையே இல்லை. ஆக, "இணைப்பு மெலிதாக இருந்தது" என்ற குற்றச்சாட்டு செங்குத்துச் சுமையைப் பொறுத்தவரை நிற்காது.

முனையை ஏன் இறுக்கமாக, முழு வெல்டிங்கில் கட்டவில்லை என்று கேட்கலாம். காரணங்கள் நல்லவை. முனையை இறுக்கினால் தளம் வளையும்போது அந்த வளைவு விசையும் தூணுக்குப் போகும், தூணை அதற்கும் சேர்த்துத் தடிமனாக்க வேண்டும். அப்புறம், 110 மாடிக் கட்டடத்தில் கோர் தூண்களும் வெளித் தூண்களும் எடையில் ஒரே அளவு குறுகுவதில்லை. இறுக்கிக் கட்டிய முனை அந்த வித்தியாசத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், சீட்டில் சும்மா உட்கார்ந்த முனை லேசாகத் திரும்பிக்கொடுத்துவிடும். வேலை வேகமும் ஒரு காரணம்: பலகையை இறக்கு, போல்ட்டை மாட்டு, அடுத்ததற்குப் போ. இயந்திரங்கள் இருந்த மாடிகளில் மட்டும் சுமை அதிகம் என்பதால் ட்ரஸ்ஸுக்குப் பதில் கனமான உத்திரங்களைப் போட்டு உறுதியாகக் கட்டினார்கள்.

இதுவரை தளம் என்றால் எடை, சீட் என்றால் எடையைத் தாங்குவது என்றே பேசினேன். பலருடைய விளக்கமும் இத்துடன் நின்றுவிடுகிறது, பிரச்சினையே அதில்தான். தளத்துக்கு இன்னொரு வேலை உண்டு: தூண்களை நேராக நிற்கவைப்பது. ஒரு மெலிந்த தூணை மேலிருந்து அழுத்தினால் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து ஓடப் பார்க்கும். நடுவில் பிடிமானம் இல்லாத நீளம் கூடக் கூட அந்த ஆபத்து வேகமாக வளரும். மெலிந்த தூணில் பிடியில்லாத நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் சுமை நாலில் ஒரு பங்காகிவிடும். வெளித் தூண்கள் 14 அங்குலச் சதுரப் பெட்டிகள், மாடிக்கு மாடி 12 அடி. ஒவ்வொரு 12 அடிக்கும் தளம் அவற்றைக் கோரோடு சேர்த்துப் பிடித்திருந்தது. ட்ரஸ் வந்து சேராத இடைத் தூண்களைக்கூட விடவில்லை, பட்டை இரும்பைக் குறுக்காகப் போட்டு அருகில் உள்ள ட்ரஸ்ஸோடும் கான்கிரீட்டோடும் இணைத்தார்கள். ஆக, ட்ரஸ் முனையில் இருந்த அந்த போல்ட்டும் தகடும் எடைக்காக இல்லை, இந்தப் பிடிமானத்துக்காக. சாதாரண நாளில் அதற்குத் தேவையான கிடைமட்ட விசை மிகச் சிறியது, இரண்டு போல்ட் தாராளம்.

அன்று அது சாதாரண நாள் இல்லை. வடக்குக் கோபுரத்தில் காலை 8:46க்கு 93 முதல் 99 வரையிலான மாடிகளில் விமானம் மோதியது, தெற்கில் 9:03க்கு 77 முதல் 85 வரை. மோதலில் வெளித் தூண்களும் கோர் தூண்கள் சிலவும் வெட்டுப்பட்டன, ஆனாலும் கட்டடம் நின்றது. ட்ரஸ்கள் மேல் தெளித்திருந்த தீக்காப்புப் பூச்சு சிதறல்கள் பாய்ந்த இடங்களில் உதிர்ந்துபோனது. இதன் முக்கியத்துவத்தை உணர ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 2004ல் நிஸ்ட் இதே மாதிரி ட்ரஸ் தளங்களைச் செய்து, முழுச் சுமையை ஏற்றி, உலையில் வைத்துச் சுட்டுப் பார்த்தது. பூச்சு இருந்த அந்த மாதிரிகள் சுமார் இரண்டு மணி நேரம் இடிந்து விழாமல் தாங்கின. ஆனால் சோதித்த அதிகபட்ச வீச்சு 35 அடிதான். 60 அடி ட்ரஸ் அப்படிச் சோதிக்கப்படவே இல்லை.

பூச்சில்லாத மெல்லிய ஆங்கிளும் உருட்டுக் கம்பியும் தீயில் சீக்கிரம் சூடேறும். முதலில் ட்ரஸ் நீளும், இரண்டு முனைகளையும் வெளியே தள்ளும். பிறகு எஃகு தளர்கிறது. 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்போது ட்ரஸ் தன் விறைப்பை இழந்து நடுவில் தொய்கிறது. ஈரத் துணியை நிறைய போட்ட கொடியைப் பார்த்திருப்பீர்கள், கயிறு தொய்யும்போது கட்டியிருக்கும் கம்பங்களை உள்நோக்கி இழுக்கும், கம்பம் பலவீனமானதாக இருந்தால் சாய்ந்தேவிடும். அதுதான் நடந்தது. எடையைக் கீழே இறக்க வந்த ட்ரஸ் இழுக்கும் கயிறாக மாறிவிட்டது, தூணை நேராகப் பிடிக்க வைத்த இணைப்பு அதே தூணை உள்ளே வளைக்கும் கொக்கியாகிவிட்டது.

இழுப்பு இரண்டு முனைக்கும் ஒன்றேதான். கோர் ஏன் அசையவில்லை, வெளிச்சுவர் மட்டும் ஏன் வளைந்தது? கோருக்கு ஆழம் இருக்கிறது, பின்னால் வரிசை வரிசையாகத் தூண்களும் உத்திரங்களும் இருக்கின்றன. வெளிச்சுவருக்குப் பின்னால் காற்றைத் தவிர எதுவும் இல்லை. 14 அங்குலத் தடிமனில், மேலே உள்ள மாடிகளின் எடையைச் சுமந்துகொண்டு, பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு, அடிபட்ட கோர் தளர்ந்து கீழே இறங்க இறங்க, உச்சியில் கோரையும் வெளிச்சுவரையும் இணைத்திருந்த பெரிய ட்ரஸ் வழியாக அதன் சுமையில் ஒரு பங்கும் வெளிச்சுவர் தலையில் ஏறியது.

இந்த வளைவு வெறும் ஊகம் அல்ல, புகைப்படங்களிலும் வீடியோக்களிலும் அளந்தார்கள். வடக்குக் கோபுரத்தின் தெற்குச் சுவர், இடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, சுமார் 55 அங்குலம் உள்ளே வளைந்திருந்தது. நாலரை அடி! தெற்குக் கோபுரத்தில் வளைந்தது கிழக்குச் சுவர். இப்போது அந்த 60 அடியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கோபுரங்களிலும் கோர் ஒரே திசையில் இல்லை. வடக்குக் கோபுரத்தில் அதன் நீளம் கிழக்கு மேற்காக, தெற்குக் கோபுரத்தில் வடக்கு தெற்காக. ஆகவே நீண்ட ட்ரஸ்கள் ஒன்றில் வடக்கு, தெற்குச் சுவர்களுக்கும் மற்றதில் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கும் போயின. இரண்டு கட்டடத்திலும் உள்ளே இழுபட்ட சுவர் 60 அடி ட்ரஸ் வந்து சேர்ந்த சுவர்தான். கோர் திசை மாறியதும் வளைந்த சுவரின் திசையும் மாறியது. ட்ரஸ் இழுப்பு விளக்கத்துக்கு எனக்கு இதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை.

2002ல் அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா வெளியிட்ட முதல் அறிக்கை, தள இணைப்புகள் தீயில் விட்டுப்போய், ஒரு தளம் அடுத்ததன் மேல் விழுந்து இடிவு தொடங்கியிருக்கலாம் என்ற திசையில் யோசித்தது. இன்றும் பலர் மனதில் இருப்பது அந்தப் படம்தான். 2005ல் நிஸ்ட் வந்தடைந்த முடிவு வேறு. சில இடங்களில் ட்ரஸ்கள் சீட்டை விட்டுக் கழன்றன, ஆனால் இடிவைத் தொடங்கி வைத்தது கழலாமல் இழுத்துக்கொண்டிருந்தவை. இழுபட்ட சுவர் ஒடிந்ததும் மேலே இருந்த மொத்தப் பகுதியும் சாய்ந்து கீழிறங்கியது. தெற்குக் கோபுரம் 56 நிமிடம் நின்றது, வடக்கு 102 நிமிடம்.

அதற்குப் பிறகுதான் சீட்டுகளின் செங்குத்து வலிமை கேள்விக்கு வருகிறது. நிஸ்ட் கணக்குப்படி, அடிபடாத ஒரு தளத்தின் எல்லா இணைப்புகளும் சேர்ந்து தாங்கக்கூடியது அதிகபட்சம் 2.9 கோடி பவுண்டு. ஒரு தளத்தின் சுமை 25 லட்சம் பவுண்டு. அதாவது மெதுவாக இறக்கி வைத்தால் ஒரு தளம் தன்மேல் 11 தளங்களைத் தாங்கியிருக்கும். விழும் பொருளின் விசை குறைந்தது இரட்டிப்பு என்று வைத்தால் அது 6 தளமாகக் குறைகிறது. வடக்குக் கோபுரத்தில் மேலிருந்து வந்தது 12 தளம், தெற்கில் 29. இடிபாடுகளிலிருந்து மீட்ட வெளிச்சுவர்த் துண்டுகளில், மோதிய மாடிகளிலும் அவற்றுக்குக் கீழேயும் இருந்த சீட்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கீழ்நோக்கி வளைந்தோ பிய்ந்தோ போயிருந்தன. அன்றாடச் சுமையைப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல் வலிமை கொண்ட இணைப்பைப் பலவீனமானது என்று நான் சொல்ல மாட்டேன். அத்தனை எடை வேகமாக வந்து விழும் என்று எந்தத் தள இணைப்பையும் யாரும் வடிவமைப்பதில்லை.

அதே நாள் மாலை 5:20க்கு இடிந்த ஏழாம் எண் கட்டடத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 47 மாடிகள், அதில் ட்ரஸ் தளம் இல்லை, சாதாரண எஃகு உத்திரங்கள். ஆனால் அங்கும் கதை ஒரு சீட்டில்தான் திரும்பியது. 2008ல் வந்த நிஸ்ட் அறிக்கையின்படி, நீண்ட உத்திரங்கள் சூட்டில் நீண்டு, 13ஆம் தளத்தில் 79ஆம் எண் தூணில் உட்கார்ந்திருந்த கிர்டரை, அதாவது மற்ற உத்திரங்களைத் தாங்கும் பெரிய உத்திரத்தை, பக்கவாட்டில் தள்ளின, அது சீட்டை விட்டு நழுவியது. கோபுரங்களில் உள்நோக்கிய இழுப்பு, இங்கே பக்கவாட்டுத் தள்ளல். இரண்டு விசையும் கிடைமட்டம். இரண்டிலும் சீட் கணக்கிடப்பட்டது செங்குத்துச் சுமைக்கு.

விதிகள் இதற்குப் பின் மாறின. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின் 2009 பதிப்பு, தீக்காப்புப் பூச்சு எஃகில் ஒட்டிக்கொள்ளும் வலிமையை 75 முதல் 420 அடி வரையிலான கட்டடங்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்காகவும், 420 அடிக்கு மேல் ஏழு மடங்காகவும் உயர்த்தியது. குறிப்பிட்ட வகை உயர்ந்த கட்டடங்களில் உத்திர முனை இணைப்புகள் கிடைமட்ட இழுப்பையும் தாங்க வேண்டும், அது 10,000 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்றும் சேர்த்தார்கள். ஒரு தூண் போனாலும் தளம் உடனே பிரிந்து விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் பூச்சைத்தான் சொல்வேன். இழுப்பைத் தாங்கும் இணைப்பு தூண் போன இடத்தில் தளத்தைக் காப்பாற்றும், உண்மை. ஆனால் ட்ரஸ் தொய்ந்து இழுக்கும் நிலை வந்துவிட்டால், வலுவான இணைப்பு அந்த இழுப்பை இன்னும் முழுமையாக வெளித் தூணுக்குக் கடத்தும். தூணையும் அந்தப் பக்கவாட்டு இழுப்புக்குச் சேர்த்துக் கணக்கிடாமல் இணைப்பை மட்டும் பலப்படுத்தினால், தெற்குச் சுவரில் நடந்தது சற்று வேகமாக நடக்கும். பூச்சு உதிராமல் இருந்தால் ட்ரஸ் அந்த அளவுக்குத் தொய்யவே செய்யாது.